பாவூர்ச்சத்திரத்தில் வண்டியைத் திருப்பிய அண்ணாச்சி: ஒரு வாடகைக் கார் அனுபவம்

பாளையங்கோட்டையில் வாடகைக் கார் ஓட்டும் ஒரு அண்ணாச்சியைப் பற்றி எழுதுகிறேன். சொந்த வண்டி, வெள்ளை டிசையர், டிரைவரும் அவரேதான். ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை குற்றாலம் போக அவரை அமர்த்தினோம். குற்றாலம் போய்ச் சேரவில்லை. பாவூர்ச்சத்திரத்தில் வண்டியைத் திருப்பி எங்களை வீட்டிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார். திருப்பச் சொன்னது நான். சொன்னதும் அவர் நடந்துகொண்ட விதத்துக்காகத்தான் பிள்ளை வைத்திருக்கிற எல்லோருக்கும் அவரைச் சொல்கிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை, மாதம் இரண்டு தடவை வருவார். அத்தை எங்களோடு இருக்கிறார்கள். வகுப்பில் நான் சொன்னால் செய்வேன் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். கணக்கு நோட்டை முடிக்காதவன் விளையாட்டு பீரியடில் அதை முடித்துவிட்டுத்தான் மைதானத்துக்குப் போவான். அதில் மாற்றமே கிடையாது, அதனால் சத்தமும் போடவேண்டியதில்லை. வீட்டில் கதை வேறு. "ஹாஸ்டலில் சேர்த்துருவேன்", "டிவியைத் தூக்கி வெளியே போட்டுருவேன்", "அப்பா வரட்டும், இருக்கு உனக்கு", "இன்னைக்கு ராத்திரி சோறு கிடையாது" என்று தினமும் நாலு சொல்லுவேன். ஒன்றும் நடக்காது. ஒரு நாள் மகன் உண்மையாகவே கேட்டான்: "யம்மா, ஹாஸ்டலுக்கு கிரிக்கெட் பேட்டை எடுத்துட்டுப் போகலாமா?" அவன் கேலி செய்யவில்லை. அம்மா சொல்வது ஒரு நாளும் நடக்காது என்பது அவனுக்கு அவ்வளவு உறுதியாகத் தெரிந்திருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டி வாசலில் நின்றது. ஐந்து ஐம்பதுக்கே வந்துவிட்டாராம், பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஹாரன் அடிக்கவில்லை. பிள்ளைகள் ஏறியதும் பின் கதவுகளில் சைல்டு லாக் போட்டார், நான் கேட்கவே இல்லை. நாள் வாடகை டீசலோடு 3,200 ரூபாய், அவருக்கு பேட்டா 400 என்று முன்பே பேசியிருந்தோம்.

அத்தைக்கு வாந்தி வரும், அதனால் பின்னால் ஜன்னல் ஓரம் அவர்களுக்கு. நான் முன்னால். மீதி இருந்தது ஒரு ஜன்னல், அதற்கு இரண்டு பிள்ளைகள். ஈரடுக்குப் பாலத்தில் ஏறும்போதே தொடங்கிவிட்டது. பேட்டை தாண்டுவதற்குள் இவன் கிள்ளிவிட்டான், அவள் இவன் சட்டையில் தண்ணீரைத் துப்பிவிட்டாள். சீதபற்பநல்லூர் பக்கத்தில் நான் திரும்பி உட்கார்ந்து சொன்னேன்: "இன்னொரு தடவை யாராவது கை நீட்டினா வண்டியத் திருப்பச் சொல்லிருவேன். குற்றாலம் கிடையாது." வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ஆனால் சொல்லியாகிவிட்டது. அத்தை "ஆமா, திருப்பிருவா" என்று சிரித்தார்கள். மகனும் சிரித்தான்.

ஆலங்குளம் வரை அமைதி. காற்றாலைகள் வேகமாகச் சுற்றின, ஜன்னலை இறக்கினால் சாரல் காற்று முகத்தில் அடித்தது. பாவூர்ச்சத்திரத்துக்குள் நுழையும்போது மலை தெரிந்தது, பாதி மலைக்கு மேல் மேகம். "அருவில நல்லாத் தண்ணி விழும்" என்று அண்ணாச்சி சொல்லி முடிக்கவில்லை, பின்னாலிருந்து ஸ்டீல் தண்ணீர் பாட்டில் பறந்து வந்து அவர் தோளில் விழுந்தது. தங்கச்சிக்கு எறிந்தது, குறி தப்பி டிரைவர் மேல் பட்டிருக்கிறது. ஸ்டியரிங் லேசாக ஆடியது. எதிரே காய்கறி லாரி.

அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. இண்டிகேட்டர் போட்டு, இடது ஓரமாக, ஒரு பெட்டிக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். தோளைத் தடவிக்கொண்டார். நான் சொன்னேன்: "அண்ணாச்சி, வீட்டுக்குத் திருப்புங்க."

அவர் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நெசமாத்தான் சொல்லுதியளா டீச்சர்?"

"ஆமா."

"சரி" என்றார். போக்குவரத்து குறையும் வரை நின்று, பிறகு வண்டியைத் திருப்பினார்.

இதில் என்ன பெரிய சேவை என்று சிலர் கேட்கலாம். நம் ஊரில் பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். தாய் ஒன்று சொன்னால் சுற்றி இருக்கிற எல்லோரும் அதைக் கலைப்பார்கள், அதுவும் பாசத்தோடு. "விடுங்க, பச்சப் புள்ள" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்வார். கடைக்காரர் அழுகிற பிள்ளை கையில் ஒரு மிட்டாயைத் திணிப்பார். முன்பு ஒரு தடவை திருச்செந்தூருக்கு வேறொரு வண்டியில் போனோம். மகன் அடம்பிடித்தபோது "அழுதா போலீஸ் பிடிச்சிட்டுப் போயிரும்" என்று பயமுறுத்தினார் அந்த டிரைவர். அதற்கும் அடங்கவில்லை என்றதும் தன் செல்போனையே கொடுத்துவிட்டார். வழிநெடுக அவன் வீடியோ பார்த்துக்கொண்டு வந்தான், நான் கேட்டால் "டிரைவர் மாமா தந்தாங்க" என்றான். நல்ல மனுஷர்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் அவர் என் பிள்ளைக்கு இரண்டு பாடம் நடத்திவிட்டார்: மிரட்டல் என்பது சும்மா, அழுதால் கிடைக்கும்.

பி.எட். படிக்கும்போது ஸ்கின்னரின் சோதனையைப் பரீட்சைக்காக உருப்போட்டிருக்கிறேன். பெட்டிக்குள் ஒரு எலி, அழுத்துவதற்கு ஒரு கட்டை. அழுத்தும் ஒவ்வொரு தடவையும் தீனி விழுந்து பழகிய எலி, தீனி நின்றதும் கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். எப்போதோ ஒரு தடவை தீனி விழுந்து பழகிய எலிதான் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். அடுத்த தடவை விழலாமே. இடைவிட்ட வலுவூட்டல் என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதினேன். என் வீட்டில் அதைத்தான் வருடக்கணக்காக நடத்திக்கொண்டிருக்கிறேன் என்பது பாவூர்ச்சத்திரம் ரோட்டில்தான் புரிந்தது. ஒன்பது நாள் "முடியாது" என்று சொல்லிவிட்டு, பத்தாவது நாள் சோர்ந்துபோய் "சரி, எடுத்துத் தொலை" என்று செல்போனைக் கொடுக்கிற தாய், பத்து நாளும் கொடுக்கிற தாயைவிடப் பிள்ளையின் பிடிவாதத்தை உறுதியாக்குகிறாள்.

திரும்பும் வழியை மறக்கவே முடியாது. முதலில் மகன் நம்பவில்லை. வண்டி வேறு வழியாகத் தென்காசிக்குப் போகிறது என்று நினைத்தான். மலை முதுகுக்குப் பின்னால் போனதும்தான் அழ ஆரம்பித்தான். அத்தைக்குக் கோபம். "ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? இம்புட்டுத் தூரம் வந்துட்டு... ஏய்யா, நீயாவது சொல்லு" என்று அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு, "பெத்தவுக சொல்லுதாக ஆச்சி" என்றார். அதோடு சரி. ரேடியோவைக்கூடப் போடவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் மகன் என் தோளைத் தொட்டான். "யம்மா, தெரியாம எறிஞ்சுட்டேம்மா. இனிமே செய்யவே மாட்டேம்மா. திரும்பிப் போவோம்மா." அது நடிப்பு இல்லை, குரலே சொல்லிற்று. இத்தனை நாளும் நான் தோற்றது இந்த இடத்தில்தான். மன்னிப்புக் கேட்டதை ஏற்றுக்கொண்டேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் வண்டி வீட்டுக்குத்தான் போகும் என்றேன். வேறு ஒரு நாள் போவோம், இன்றைக்கு இல்லை. மன்னிப்பு வேறு, சொன்ன சொல் வேறு என்று அவனுக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. விளக்காமல் விட்டதே நல்லது என்று இப்போது நினைக்கிறேன்.

ஆலங்குளத்தில் டீ குடிக்க நிறுத்தினார். இறங்குமுன் என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்: "பிள்ளைகளுக்கு வடை கிடை வாங்கலாமா, வேண்டாமா? நீங்க சொல்லுத மாதிரி." இதற்காகவே அவருக்கு இன்னும் நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம். வாங்கலாம் என்றேன். பசிக்கும் தண்டனைக்கும் சம்பந்தம் வைக்கக் கூடாது. "சோறு கிடையாது" என்று நான் மிரட்டிய நாட்களை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. கட்டிக்கொண்டு போன இட்லியையும் மிளகாய்ப்பொடியையும் வண்டியிலேயே சாப்பிட்டோம். மகன் அண்ணாச்சி முன்னால் போய் நின்று, "தோள் வலிக்குதா?" என்று கேட்டான். யாரும் கேட்கச் சொல்லவில்லை. "லேசா வலிக்குது. வண்டி ஓட்டும்போது மேல பட்டா எல்லாருக்கும் ஆபத்துல்லா, எய்யா" என்றார். வலிக்கவில்லை என்று சொல்லி மழுப்பாததும் எனக்குப் பிடித்தது.

ஒரு விஷயம் இன்னும் உறுத்துகிறது. மகள் ஒன்றும் எறியவில்லை. அவளும் குற்றாலத்தை இழந்தாள். அருவிக்கென்று வாங்கிய புதுத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். ஒருவன் செய்ததற்கு வீடு முழுவதையும் தண்டிக்கிற மிரட்டலை நான் விட்டிருக்கக் கூடாது. கோபத்தில் வாயில் வந்ததைச் சொன்னதன் விலை அது, அதை அவள் கொடுத்தாள். இனிமேல் நான் சொல்வது சின்னதாக இருக்கும், செய்தவனுக்கு மட்டும் இருக்கும், அன்றைக்கே முடிகிறதாக இருக்கும். எறிந்த பாட்டில் என் பைக்குள் போகும். சண்டை போட்டால் வண்டி ஓரமாக நிற்கும், கை மடியில் வந்த பிறகுதான் கிளம்பும். இப்படி ஏதாவது. ஆனாலும் அன்றைக்குச் சொல்லிவிட்ட பிறகு செய்யாமல் இருந்திருந்தால், அடுத்த ஆயிரம் சொல்லும் ஹாஸ்டல் கணக்கில்தான் சேர்ந்திருக்கும். அன்று சாயங்காலம் மகளை மட்டும் டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய், இலையில் சூடாக அல்வா வாங்கிக் கொடுத்தேன்.

அடித்து வளர்ப்பதைப் பற்றியும் கேட்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் அடிக்கக் கூடாது என்று 2009-இன் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது, 17-ஆம் பிரிவு. உடம்பை வருத்துவது மட்டுமல்ல, மனதைப் புண்படுத்துவதும் அதில் தடை. வீட்டில் நானும் முதுகில் இரண்டு வைத்திருக்கிறேன். அடித்த அன்று வீடு அமைதியாக இருக்கும், மறுநாள் அண்ணன் தங்கச்சியை அதே மாதிரி முதுகில் அடிப்பான். அதைப் பார்த்த பிறகு விட்டுவிட்டேன்.

வாடகைக் கணக்குக்கு வருகிறேன். ஒன்பது மணிக்கெல்லாம் வீட்டில் இருந்தோம். பேசியது முழு நாள் வாடகை. சீசன் சனிக்கிழமை, எங்களுக்காக வேறு சவாரியை அவர் விட்டிருப்பார். 3,600 ரூபாயையும் எடுத்து நீட்டினேன். மீட்டரைப் பார்த்து, அரை நாள் கணக்கு என்று 1,800 மட்டும் எடுத்துக்கொண்டார். வற்புறுத்தியும் மீதியை வாங்கவில்லை. பிள்ளைகளிடம் "அடுத்த வாட்டி அருவி பாப்போம்" என்றார், அவ்வளவுதான். புத்திமதி சொல்லவில்லை. புத்திமதிக்கு ஆசைப்படாத பெரியவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

குறையும் உண்டு. பின் சீட் பெல்ட்டுகளை சீட் கவருக்கு அடியில் சொருகி மறைத்திருந்தார். பின்னால் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்பதுதான் சட்டம். பிள்ளைகள் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தால் பாதிச் சண்டையே நடந்திருக்காது. இதை நேரில் சொன்னேன், முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார். பின் சீட்டுக்கு ஏசி சரியாக வரவில்லை. ஆறு வயதுக்காரிக்கு ஏற்ற சின்ன சீட் அவரிடம் இல்லை, நம் பக்கத்து வாடகை வண்டிகளில் நான் அதைப் பார்த்ததும் இல்லை. சீசன் நேரத்தில் மூன்று நான்கு நாள் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கிடைப்பது கஷ்டம். இரவுச் சவாரி ஓட்டுவதில்லை.

மூன்று வாரம் கழித்து குற்றாலம் போக மறுபடியும் அவரையே கூப்பிட்டேன். பின் சீட் பெல்ட்டுகளை எல்லாம் வெளியே எடுத்து, துடைத்து வைத்திருந்தார். ஏறுவதற்கு முன் அவராகவே சொன்னார்: "ஆச்சி முன்னால உக்காரட்டும் டீச்சர், வாந்திக்கு அதுதான் நல்லது. நீங்க பின்னால நடுவுல இருங்க." ஆளுக்கொரு ஜன்னல், நடுவில் நான். முதல் தடவையே நான் யோசித்திருக்க வேண்டியது. இடம் இல்லாத இடத்தில் இரண்டு பிள்ளைகளை அடைத்துவிட்டு ஒழுங்காக இரு என்று மிரட்டியிருக்கிறேன். எத்தனையோ மிரட்டல்கள் இப்படித்தான், பெரியவர்கள் முன்கூட்டியே செய்யவேண்டிய ஒரு காரியத்தைச் செய்யாமல் விட்டதால் தேவைப்படுகின்றன.

ஆனாலும் பேட்டை தாண்டியதும் மகன் என் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி அவள் சடையை இழுக்கப் பார்த்தான். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள்: "எண்ணே, கைய வைக்காத. அம்மா சொன்னா திருப்பிருவா." கை தானாகப் பின்வாங்கியது. அண்ணாச்சி கண்ணாடியில் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அன்று பேரருவியில் நல்ல தண்ணீர். குளித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் வரத்து கூடுகிறது என்று போலீஸ்காரர்கள் விசில் ஊதி எல்லோரையும் வெளியே வரச் சொன்னார்கள். இது விளையாட்டு விஷயம் இல்லை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். மலையில் எங்கோ பெய்கிற மழை, கீழே நிற்பவர்களுக்குத் தெரிவதற்குள் வந்துவிடும். ஆண்கள் பக்கம் குளித்துக்கொண்டிருந்த மகனுக்குத் துணையாக அண்ணாச்சிதான் கரையில் நின்றிருந்தார். "வால" என்று ஒரு தடவைதான் கூப்பிட்டாராம், இவன் வந்துவிட்டான். பக்கத்தில் ஒருவர் தன் பிள்ளையை "வர்றியா, இல்ல விட்டுட்டுப் போயிரவா" என்று கத்திக்கொண்டே நின்றாராம், அந்தப் பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். இதைச் சொல்லும்போது அண்ணாச்சி முகத்தில் பயம் இருந்தது.

எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல வரவில்லை. அன்றைக்கே கடைவீதியில் ரம்புட்டான் இன்னொரு பை வேண்டும் என்று மகன் கால் உதைத்து அழுதான். ஒரு பைதான் என்று இறங்கும்போதே சொல்லியிருந்தேன். அழுது முடியும் வரை நின்றோம், பத்து நிமிடம் ஆகியிருக்கும். அத்தை இரண்டு தடவை பர்ஸைத் திறந்தார்கள், இரண்டு தடவையும் மூடினார்கள். அண்ணாச்சி வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவசரப்படுத்தாமல், மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெயிட்டிங் என்று எதுவும் சேர்க்கவில்லை.

இந்தத் தடவை முழு வாடகை, பேட்டாவோடு 3,600. திருப்தியாகக் கொடுத்தேன். அவர் நம்பரை இங்கே போடவில்லை; வேண்டுமென்றால் கேளுங்கள், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தருகிறேன். காலாண்டு லீவில் பாபநாசம் போகச் சொல்லிவைத்திருக்கிறேன். ஆச்சிக்கு முன் சீட் என்று இப்போதே சொல்லிவிட்டார்.